நகரத்துக்குள் யோசனை தேடும் லேண்ட்ஸ்கேப் மாணவிக்கு: கொங்கு நாட்டில் எங்கே, எப்படிப் பார்ப்பது?

ஈரோட்டைச் சேர்ந்த, பூங்கா, தெரு போன்ற திறந்தவெளிகளை வடிவமைக்கும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஸ்டூடியோவில் நகர்ப்புறப் பொது இடம் ஒன்றை வடிவமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்ஸ்பிரேஷன் எது என்று முதல் ரிவ்யூவிலேயே ஆசிரியர்கள் கேட்பார்கள். இணையத்தில் தேடினால் சிங்கப்பூர், கோபன்ஹேகன் படங்கள்தான் வருகின்றன. கோவை, ஈரோடு, திருப்பூர் எல்லாம் கான்கிரீட்டும் வண்டிச் சத்தமுமாக இருக்கின்றன. நம் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது?”

நிறைய இருக்கிறது அம்மிணி. ஆனால் அழகான இடம் எது என்று தேடிப் போனால் கண்ணில் படாது. ஓர் இடத்தில் நின்றுகொண்டு, “இங்கே யார் எந்தச் சிரமத்தை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். கொங்கு நாட்டில் அந்தச் சிரமம் பெரும்பாலும் இரண்டுதான். தண்ணீர் குறைவு, வெயில் அதிகம். இந்த மண்ணில் நன்றாக அமைந்த எந்தப் பொது இடத்தை எடுத்தாலும், இந்த இரண்டில் ஒன்றுக்கு அது விடை சொல்லியிருக்கும்.

முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிடலாம். நம் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ஆண்டுக்கு ஏறக்குறைய 600 முதல் 700 மி.மீ. மழை. சிங்கப்பூரில் 2,100 மி.மீ.க்கு மேல், அதுவும் வருடம் முழுக்கப் பரவலாகப் பெய்யும். நீங்கள் சேமித்து வைத்திருக்கும் படங்களில் உள்ள பச்சைப் புல்வெளிக்கு நம் கோடையில் நாளொன்றுக்கு 5 மி.மீ. அளவுக்காவது தண்ணீர் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்றால் 1 லிட்டர். ஆக 1,000 சதுர மீட்டர் புல்வெளிக்குத் தினமும் 5,000 லிட்டர். அதைக் கொண்டுபோய்க் குடிநீருக்குக் குடம் தூக்கும் தெருவில் வைக்க முடியுமா? இந்தக் கணக்கு மனதில் இருந்தால் பாதிப் படங்கள் தானாகவே கழிந்துவிடும்.

இனி ஊருக்குள் போகலாம்.

அரசும் வேம்பும் சேர்ந்து நிற்கும் மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் பிள்ளையார், பக்கத்தில் நாகர் கல். தினமும் கடந்து போவதால் அதை யாரும் டிசைனாகப் பார்ப்பதில்லை. என் வீட்டருகே இருக்கும் மேடையை ஒருநாள் டேப் வைத்து அளந்தேன். தெருப் பக்கம் ஒன்றரை அடி உயரம். பின்பக்கம் தரை சரிவதால் இரண்டே முக்கால் அடி. முன்பக்கம் பெரியவர்கள் காலைத் தரையில் ஊன்றி உட்காருகிறார்கள். பின்பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறி, காலைத் தொங்கவிட்டு உட்காருகிறார்கள். ஒரே மேடை, இரண்டு உயரம், இரண்டு தலைமுறை. யாரும் யாரையும் எழுப்பிவிட வேண்டியதில்லை. அகலம் ஏழு அடி இருப்பதால் மதியத்தில் ஒருவர் துண்டை விரித்துப் படுக்கவும் முடிகிறது. காலையில் எல்லோரும் மரத்துக்கு மேற்கே இருப்பார்கள், சாயங்காலம் கிழக்கே. நிழல் நகர, ஆட்களும் நகர்கிறார்கள். வட்ட மேடை கட்டியதன் பலன் அதுதான். நேர்க்கோட்டில் போட்ட சிமென்ட் பெஞ்சில் இதைச் செய்யவே முடியாது.

இந்த ஒரு மேடையை, குறுக்கே வெட்டிப் பார்க்கும் தோற்றமாக 1:50 அளவில் செக்‌ஷன் வரைந்து, காலை 8, மதியம் 1, மாலை 5 மணி நிழலை மூன்று பிளானாக, அதாவது மேலிருந்து பார்க்கும் வரைபடமாகப் போட்டால் ரிவ்யூவுக்கு ஒரு முழு ஷீட் கிடைத்துவிடும். இன்ஸ்பிரேஷன் என்று நான் சொல்வது இதைத்தான். அரச மரத்தைக் கொண்டுபோய் உங்கள் பிளானில் நட வேண்டும் என்று சொல்லவில்லை. உயரம் மாறும் விளிம்பு, நிழலோடு நகர இடம் தரும் வட்டம், படுக்கும் அளவு அகலம் ஆகிய மூன்றையும் எந்த வடிவத்திலும் கொண்டுவரலாம்.

அப்புறம் பேக்கரி. கோவைக்காரர்களுக்குப் பேக்கரி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஏதாவது ஒரு பேக்கரிக்கு எதிரே நின்று அரை மணி நேரம் பாருங்கள். உள்ளே நாற்காலி இருந்தாலும் பாதிப் பேர் வெளியேதான் நிற்பார்கள். நியூயார்க்கில் 1970களில் வில்லியம் ஒயிட் என்பவர் பொதுச் சதுக்கங்களைக் கேமரா வைத்துப் பல மாதம் படமெடுத்து ஆராய்ந்தார். மக்கள் எங்கே உட்காருகிறார்கள் என்ற கேள்விக்கு அவருக்குக் கிடைத்த விடை மிக எளிமையானது: உட்கார இடம் இருக்கும் இடத்தில் உட்காருகிறார்கள். அதிலும், இழுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய தனி நாற்காலிக்குத்தான் முதல் மரியாதை. நம் பேக்கரி வாசலில் அந்த வேலையைச் செய்வது பைக். ஸ்டாண்டு போட்டு, சீட்டில் சாய்ந்து, நண்பனைப் பார்த்தபடி திருப்பி நிறுத்திக்கொள்கிறார்கள். யாரைப் பார்த்து உட்காருவது, எவ்வளவு தள்ளி உட்காருவது என்பதெல்லாம் அவரவர் கையில்.

ஆனால் பைக் இல்லாதவர்கள்? அங்கே நிற்கும் பெண்கள் எத்தனை பேர், வயதானவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரின் மேல் உட்கார முடியாதபடி சரிவாகப் பூசியிருப்பார்கள், அல்லது கண்ணாடிச் சில் பதித்திருப்பார்கள். உங்கள் வடிவமைப்புக்கான இடம் அந்த விடுபட்டவர்களுக்கானதுதான். நன்றாக நடக்கும் இடத்திலிருந்து யோசனை எடுக்கும்போதே, அங்கே யார் இல்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். இதில்தான் நம் ஊரிடம் கற்க அதிகம் இருக்கிறது. நீங்கள் ஈரோட்டுக்காரர் என்பதால் காலிங்கராயன் வாய்க்காலிலிருந்தே தொடங்கலாம். 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது. பவானியில் அணைகட்டித் திருப்பிய தண்ணீர், காவிரிக்கு ஓரமாகவே ஏறக்குறைய 90 கி.மீ. வளைந்து வளைந்து கொடுமுடிப் பக்கம் போய்ச் சேர்கிறது. நேர்க்கோட்டில் அளந்தால் அந்தத் தூரம் இதில் பாதிதான் வரும். பாம்பு ஊர்ந்து போன தடத்தில் வெட்டினார் காலிங்கராயன் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள்.

அந்தக் கதையைக் கேட்டபின் நிலத்தின் உயரக் கோடுகளைக் காட்டும் கான்டூர் மேப்பை எடுத்துப் பாருங்கள். வயலை விட உயரத்திலேயே தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால்தான் அது மடை வழியே தானாக வயலுக்குள் இறங்கும். அதற்கு வாய்க்கால் தன் உயரத்தை மிக மெதுவாகத்தான் இழக்க வேண்டும். மேடு வந்தால் சுற்றிப் போகும், பள்ளம் வந்தால் உள்வாங்கிப் போகும். ஒவ்வொரு வளைவும் நிலத்தின் உயரக் கோடு. மோட்டார் இல்லாத காலத்தில், கண் மட்டத்தில் 90 கி.மீ.க்கு ஒரே சீரான சரிவைக் கொண்டுபோயிருக்கிறார்கள். உங்கள் சைட் ஒன்றிரண்டு ஏக்கராக இருக்கலாம். அதில் நடைபாதையை எந்தக் கோட்டில் வளைப்பது என்று திணறும்போது இந்த வாய்க்காலை நினையுங்கள். அழகுக்காக வளைத்த பாதைக்கும், மழைத் தண்ணீரை மரத்தடிக்குக் கொண்டுபோக வளைத்த பாதைக்கும் உள்ள வித்தியாசம் முதல் மழையிலேயே தெரிந்துவிடும்.

ஈரோட்டுக்குள் அதே வாய்க்காலுக்குத் தோல் ஷாப்புகளும் சாயப்பட்டறைகளும் கழிவைக் கலந்து செய்த கேடு ஊரறிந்த விஷயம். அதையும் பார்க்கத்தான் வேண்டும். படித்துறையில் துணி துவைப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள், எங்கே இல்லை என்று கரையோரமாக நடந்து குறித்துக்கொண்டு வந்தாலே, தண்ணீர் எங்கே கெடுகிறது என்று உங்கள் மேப்பே சொல்லிவிடும்.

கோவையில் பார்க்க வேண்டியது குளங்களின் தொடர். நொய்யலில் சித்திரைச்சாவடி அணைக்கட்டில் பிரியும் வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு வரும். மிகுந்த தண்ணீர் செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் என்று நகருக்குள் கீழே இறங்கும். ஒன்று நிரம்பினால் அடுத்தது. மாணவர்கள் பெரும்பாலும் உக்கடம் பெரியகுளத்துக்கு மட்டும் போய், ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் போட்ட நடைபாதையைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த நடைபாதை வந்தபின் மாலையில் குடும்பங்கள் குளக்கரைக்கு வருகின்றன, அது பெரிய விஷயம். முன்பு ஊருக்குக் குளம் என்றாலே குப்பை கொட்டும் இடம் என்று ஆகியிருந்தது. ஆனாலும் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். கரையில் கல்லும் சிமென்டும் அதிகம். மதியம் ஒரு மணிக்கு அங்கே போய் நின்று பாருங்கள், ஆளே இருக்காது. தண்ணீரும் தரையும் மெல்லச் சரிந்து சந்திக்கும் ஆழமில்லாத ஓரம்தான் நாரைக்கும் கொக்குக்கும் மேய்ச்சல் இடம். கரையைச் செங்குத்தாகக் கட்டும் இடங்களில் அந்த ஓரம் போய்விடும்.

எதிர்ப்பக்க உதாரணத்துக்குத் திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்குப் போங்கள். ஊத்துக்குளி சாலைப் பக்கம் இருக்கிறது. பனியன் கம்பெனிகளின் ஊரில், நகரத்தின் விளிம்பில், சுமார் 125 ஹெக்டேர் நீர்நிலை. 2024இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் கரையோரம் ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் நாணல், ஒரு பக்கம் கருவேல மரங்கள். எந்தப் பறவை எந்தக் கரையில் நிற்கிறது என்று ஒரு காலைப்பொழுது முழுக்க மேப்பில் புள்ளி வையுங்கள். கரையின் சரிவுக்கும் பறவைக்கும் உள்ள உறவு உங்களுக்கே பிடிபடும். பெரியகுளத்தையும் நஞ்சராயனையும் ஒரே அளவில் இரண்டு செக்‌ஷனாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கரை எப்படி இருக்க வேண்டும் என்ற விவாதத்தை நீங்களே ரிவ்யூவில் நடத்தலாம்.

வெளிநாட்டு உதாரணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. சரியான கேள்வியோடு போனால் அதுவும் உதவும். உதாரணத்துக்கு சிங்கப்பூரின் பிஷான் – ஆங் மோ கியோ பூங்கா. நேராக ஓடிய 2.7 கி.மீ. கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கி.மீ. வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். மழை வந்தால் ஆறு பூங்காவுக்குள் அகலமாகப் பரவும், வடிந்தபின் மக்கள் திரும்ப வருவார்கள். இதைப் பார்த்ததும் ஈரோட்டின் பெரும்பள்ளம் ஓடையும் கோவையின் சங்கனூர் பள்ளமும் நினைவுக்கு வர வேண்டும். நம் ஊர் ஓடைகளுக்கு வழக்கமாகச் செய்வது இருபுறமும் சுவர் எழுப்புவது. சுவர் உயர உயரத் தண்ணீர் வேகமெடுக்கும், மனிதர்கள் இறங்க வழியிருக்காது, கொஞ்ச நாளில் அது சாக்கடையாகவே நிலைத்துவிடும்.

அதற்காகப் பிஷானை அப்படியே பெயர்த்து வைக்கவும் முடியாது. அங்கே கழிவுநீர் தனிக் குழாயில் போகிறது. இங்கே அது ஓடையில் கலப்பதைத் தடுக்காமல் எந்த அழகும் நிற்காது. இன்னொன்று, கழிவுநீரை எடுத்துவிட்டால் நம் ஓடைகள் வருடத்தில் பெரும்பகுதி காய்ந்துதான் கிடக்கும். அப்படியானால் நீங்கள் வடிவமைக்க வேண்டியது முக்கால்வாசி நாள் காய்ந்திருக்கும் ஓடையை. மணலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடலாம், கரையில் நீர்மருதும் நாவலும் புங்கனும் நிற்கலாம், ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்தால் எல்லோரும் மேலேறி நின்று வேடிக்கை பார்க்கலாம். காய்ந்த நாளிலும் நன்றாக இருக்கும் ஓடை என்ற யோசனை சிங்கப்பூரிலிருந்து வராது. கொங்கு மண்ணிலிருந்துதான் வரும்.

செடிகொடி விஷயத்தில் ஒரு நாள் நகரத்தை விட்டு வெளியே போய்வரச் சொல்வேன். காங்கயம், மூலனூர், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்று ஒன்று இருக்கிறது. காங்கயம் மாடுகள் மேயும் மானாவாரி மேய்ச்சல் நிலம். கீழே கொழுக்கட்டைப் புல், நடுவே அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. கிளுவைப் போத்தை (கிளைத் துண்டை) வெட்டி நெருக்கமாக நட்டுவிட்டால் மழைக்குத் துளிர்த்து, கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கோடையில் இலை உதிர்ந்தாலும் முள்ளும் கிளையும் ஆட்டை உள்ளே விடாது. வெள்வேலங்காய் உதிர்ந்து மாட்டுக்குத் தீனியாகிறது. சாணம் அங்கேயே உரமாகிறது. புல், மரம், வேலி, கால்நடை நான்கும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

நகரத்தில் இதை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். பூங்காவைச் சுற்றி இரும்புக் கம்பி வேலியும், தினமும் ஹோஸ் பிடிக்க வேண்டிய குரோட்டன்ஸ் வரிசையும் போடுகிறோமே, அந்த இடத்தில் கிளுவையை யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் விளையாடும் பக்கம் முள் ஆகாது. அதற்கு வேறு செடி பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ரயில்வே ஓரம், குளக்கரையின் பின்பக்கம், சப்ஸ்டேஷன் சுற்று போன்ற இடங்களில் தண்ணீர் கேட்காத உயிர்வேலி நன்றாகவே நிற்கும். மாசியில் இலையில்லாமல் இருப்பதும் ஒரு பருவத் தோற்றம்தான். வருடம் முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மேம்பாலங்களையும் விட்டுவிடாதீர்கள். கோவை அவிநாசி சாலையில் 10.1 கி.மீ. மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள். அதன் அடியில் மழை விழாது, வெயிலும் ஓரத்தில்தான் படும். அங்கே பூச்செடி வைத்தால் காய்ந்துதான் போகும். ஆனால் மேலே விழும் மழையைக் கணக்குப் போடுங்கள். 100 மீட்டர் நீளம், 17 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், 10 மி.மீ. மழைக்கே 17,000 லிட்டர். அது குழாய் வழியே இறங்கி எங்கே போகிறது என்று தூண் தூணாகப் பார்த்துக்கொண்டு போங்கள். லங்கா கார்னர் ரயில்வே பாலத்தடியில் மழைக்குத் தண்ணீர் கட்டி வண்டிகள் நிற்பதைப் பார்த்த ஊர் இது. மேலே வரும் தண்ணீரை வழியிலேயே மண்ணுக்குள் இறக்க ஒரு யோசனை சொன்னால் அது நிச்சயம் நல்ல பிராஜெக்ட்.

பழைய மில்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையில் மூடிக் கிடக்கும் பஞ்சாலைகளின் வளாகங்களில் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள், வடக்கு வெளிச்சம் வாங்கும் பல்வரிசைக் கூரைகள், புகைபோக்கிகள் இன்னும் இருக்கின்றன. ஜெர்மனியின் டுயிஸ்பர்க்கில் 1985இல் மூடிய இரும்பாலையைப் பீட்டர் லாட்ஸ் இடிக்காமலே பூங்காவாக மாற்றினார். அதைப் படித்துவிட்டு இந்த மில் சுவர்களுக்கு வெளியே நடந்து பாருங்கள். அனுமதி கிடைத்தால் உள்ளேயும் போங்கள். வேலை பார்த்தவர்களிடம் பேசாமல் மட்டும் எதையும் வரையாதீர்கள். ஷிப்ட் முடிந்து எந்த மரத்தடியில் உட்கார்ந்தார்கள் என்பதை அவர்கள் மட்டுமே சொல்ல முடியும்.

ஈரோட்டில் இன்னொன்று கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை. திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் முழுக்க நடக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு வெறும் தரையாக இருந்த இடம் விடிவதற்குள் தெருவாக, கடையாக, பேச்சுவார்த்தை மூலையாக மாறியிருக்கும். கட்டாமலே இடம் பிறப்பதைப் பார்க்க இதைவிட நல்ல வகுப்பு கிடையாது. வீட்டில் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு ஒரு திங்கள் இரவு போய்வாருங்கள்.

போகும்போது கையில் 5 மீட்டர் டேப், பென்சில், சின்ன நோட்டு போதும். போன் கேமராவைக் கடைசியில் எடுங்கள். முதலிலேயே படம் எடுத்துவிட்டால் “பார்த்தாயிற்று” என்று மனம் நகர்ந்துவிடும். ஓர் இடத்துக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு நான்கு விஷயங்களை எழுதுங்கள்: யார் இருக்கிறார்கள், நிழல் எங்கே, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, விளிம்பின் உயரம் எவ்வளவு. மூன்று வேளையும் அதே இடத்துக்குப் போங்கள். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் தேறாது.

ரிவ்யூவில் “இதன் இன்ஸ்பிரேஷன் மயில் தோகை, நெசவுத் தறி” என்று ஆரம்பிக்கும் மாணவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தறியின் கட்டத்தைப் பிளானில் பதித்தால் அதை மேலிருந்து பார்க்கும் பருந்துக்குத்தான் தெரியும். நடந்து போகிறவருக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக, “இந்த மேடை ஒன்றரை அடியும் இரண்டே முக்கால் அடியுமாக இருந்தது, அதனால் இரண்டு வயதினர் சேர்ந்து உட்கார்ந்தார்கள், அதை என் சைட்டின் சரிவில் இப்படி வைத்திருக்கிறேன்” என்று தொடங்குங்கள். அடுத்த கேள்வி உங்கள் செக்‌ஷனைப் பற்றித்தான் வரும், அதற்கு உங்களிடம் அளவு இருக்கும்.

உங்கள் சைட் ஈரோட்டுக்குள்ளேயே இருந்தால் பெரும்பள்ளம் ஓடையோரம் ஒரு அரை கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் ஒருமுறை அளந்துவிடுங்கள். பிறகு முதல் கனமழை நின்ற மறுநாள் காலையிலேயே போய், சுவரிலும் மரத்திலும் படிந்திருக்கும் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று சாக்பீஸால் குறித்து டேப்பால் அளந்துகொள்ளுங்கள். இரண்டு வெயில் அடித்தால் அந்தக் கோடு அழிந்துவிடும்.